சோத்னோம் சித்தப்பாவும் அசையாத தண்டும்

கூட்டுப்பண்ணையைக் கலைத்தபோது ஆளாளுக்கு ஆடு, குதிரை, ஒட்டகம் என்று பங்கு பிரித்துக்கொண்டு போனார்கள். சோத்னோம் சித்தப்பா மட்டும் ஜீப்பைக் கேட்டு வாங்கினார். பண்ணையின் கால்நடை மருத்துவருக்காக அதுவரை அவர் ஓட்டிக்கொண்டிருந்த அதே பழைய ரஷ்ய ஜீப்பு. எங்கள் பக்கம் அந்த வண்டிக்கு அறுபத்தொன்பது என்று பெயர். அன்று அவருடைய முதல் மனைவி கேட்டாளாம்: "ஆடு குட்டி போடும். இது என்னத்தப் போடும்?"

ஜீப்பு எண்ணெய் போட்டது. நிறுத்திய இடத்திலெல்லாம், தரையில், சொட்டுச் சொட்டாக. இரண்டு குளிர்காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா, கைக்குழந்தை சோலோங்கோவைத் தூக்கிக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருந்த தன் அண்ணன் கூடாரத்துக்குப் போய்விட்டாள். சித்தப்பாவும் ஜீப்பும் இந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள். இதை எனக்குச் சொன்னது சித்தப்பாவேதான். ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஸ்பேனர் கேட்கிற அதே குரலில் சொன்னார்.

எங்கள் கூடாரத்துக்கு அவர் வந்தது கிணற்றுப் பம்பைச் சரிசெய்ய. சரிசெய்து முடித்தார். பிறகு கிளம்ப மறந்துவிட்டார். அம்மாவும் ஞாபகப்படுத்தவில்லை. அப்படித்தான் அவர் எனக்குச் சித்தப்பா ஆனார். உனக்குச் சம்மதமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த வயதில் எதைக் கேட்டாலும் அதுதான் என் பதில்.

என் பெயர் எனெபிஷ். 'இவன் இல்லை' என்று அர்த்தம். எனக்கு முன்னால் பிறந்தவை தங்கவில்லை என்பதால், கெட்டது ஏதாவது என்னைத் தேடி வந்தால் குழம்பிப் போகட்டும் என்று வைத்த பெயர். கெட்டது குழம்பியது. பள்ளிக்கூட வாத்தியார் குழம்பவில்லை. விடுதிக் கணப்பில் ஆட்டுக் கொம்பைப் போட்டு நாற வைத்தது யார் என்று கேட்டபோது நேராக என் முகத்தைத்தான் பார்த்தார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன்.

சித்தப்பா வந்த புதிதில் அவருக்கும் ஒரு வேலை வைத்தேன். ஜீப்புக்கு அடியில், லேசில் கண்ணில் படாத ஒரு மூலையில், ஆட்டு மணி ஒன்றைக் கட்டிவிட்டேன். வண்டி ஓடினால் மணி குலுங்கும், நின்றால் அதுவும் நின்றுவிடும். மனுஷன் பல நாள் அந்தச் சத்தத்தைத் தேடினார். ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கிப் பார்த்தார். கதவைக் கழற்றி மாட்டினார். கடைசியில் கண்டுபிடித்தபோது மணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் நான் குதிரை ஏறினேன், எனக்குப் பின்னால் மணிச் சத்தம். சேணத்தின் அடித்தோலுக்குள் அந்த மணியை வைத்துத் தைத்திருந்தார். தையல் அவ்வளவு நேர்த்தி, பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது ஆட்டு மந்தை என்னைத் தங்களில் பெரிய ஆடு என்று நினைத்துப் பின்னால் வருகிறது. மேய்ப்பதற்கு வசதிதான்.

இந்த வருஷம் கோடை தொடங்கும்போது, கம்பளி ஏற்ற வந்த லாரிக்காரர் மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு செய்தி கொண்டுவந்தார். இலையுதிர் காலத்தில் சோலோங்கோவுக்குக் கல்யாணம். அவள் சொல்லி அனுப்பியது ஒரே ஒரு வரி.

"பெட்டி ரெண்டையும் அப்பாதான் கொண்டுவரணும்."

புதுக் கூடாரத்தில் வாசலுக்கு நேரெதிரே, சாமி வைக்கிற இடத்தில், வண்ணம் தீட்டிய மரப்பெட்டி இரண்டு இருக்க வேண்டும். பெண் வீட்டிலிருந்து அது வர வேண்டும், அதுவும் அடுப்பில் முதல் தீ மூட்டுவதற்கு முன்னால் வர வேண்டும். வராவிட்டால் மாப்பிள்ளையின் அம்மா தன் பழைய பெட்டியைக் கொண்டுவந்து அங்கே வைத்துவிடுவாள். பிறகு அந்தப் பெண் ஆயுசு முழுக்க மாமியார் பெட்டியில்தான் துணி மடித்து வைக்க வேண்டும். எந்தச் சண்டை வந்தாலும் பேச்சு அந்தப் பெட்டியில் போய்த்தான் முடியும்.

சித்தப்பாவுக்கு இதில் இன்னொரு முள்ளும் இருந்தது. சோலோங்கோவுக்கு முதல் முடி இறக்கியபோது அவர் கிளம்பிப் போனார், பாதி வழியில் ஜீப்பு நின்றுவிட்டது. அவள் பள்ளிக்கூடம் முடித்த விருந்துக்குக் கிளம்பினார், அப்போதும் நின்றுவிட்டது. 'வண்டி நின்னுபோச்சு' என்பது உண்மையான காரணம்தான். ஆனால் வாசலில் காத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு உண்மையான காரணமும் பொய்யான காரணமும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

கோடை முழுக்க அவரே உட்கார்ந்து பெட்டி செய்தார். ஆரஞ்சு வண்ணம் அடித்தார். மூடியில் முடிவில்லாத முடிச்சுக் கோலம் வரைந்தார். அந்த முடிச்சு நடுவழியில் தடுமாறி, கொஞ்ச தூரம் தனியாக அலைந்துவிட்டு, ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தது. "குடிச்சிட்டு வீடு திரும்புற முடிச்சு" என்றேன். "வந்து சேந்துச்சுல்ல" என்றார்.

பெட்டி தயார். வண்டிதான் தயாராக இல்லை. கொஞ்ச நாளாகவே ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வேகம் ஏற மறுத்தது, ஏறினால் இறங்க மறுத்தது. ஒரு நாள் இறக்கத்தில் காலை எடுத்த பிறகும் எஞ்சின் கத்திக்கொண்டே ஓடியது. சாவியைத் திருப்பி அணைத்துத்தான் நிறுத்தினார். மலைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இறக்கம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அங்கே அப்படி நடந்தால் பெட்டியும் போய்ச் சேராது, நாங்களும் போய்ச் சேரமாட்டோம்.

ஆகவே கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது கார்புரேட்டரை முழுசாகக் கழற்றி, கூடாரத்துக்கு வெளியே ஒரு கம்பளித் துண்டின்மேல் பரப்பினார். ஓட்டை விழுந்த மிதவைக்கு ஈயம் வைத்தார். தேயிலைப் பெட்டி அட்டையை வெட்டி கேஸ்கட் செய்தார். பெட்ரோல் போகும் குட்டித் துளைகளைக் குதிரை வால் முடியை விட்டுத் துடைத்தார். கம்பியை விட்டால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் வண்டி பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது, ஒன்றைத் தவிர. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது காற்றை விடுவதும் காலை எடுக்கும்போது மறிப்பதுமாகத் திரும்ப வேண்டிய வட்டத் தட்டு ஒன்று உண்டு. அதன் தண்டு, கார்புரேட்டரின் அடிப்பாகத்தில், முழுசாக இறுகிப் போயிருந்தது. கழற்றுவதற்கு முன்னால் முரண்டு பிடித்தது, கழற்றி ஆறிய பிறகு அசையவே இல்லை.

எங்கள் ஊரில் வண்டியைப் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்தும் நிற்காமல் போகிறவன் மனுஷனே இல்லை. குதிரையில் போகிறவன், மோட்டார் சைக்கிளில் போகிறவன், தொலைந்த ஒட்டகத்தைத் தேடிப் போகிறவன் எல்லோரும் நின்றார்கள். அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார்கள். குந்தி உட்கார்ந்து, அந்த அடிப்பாகத்தைக் கையில் வாங்கி, தண்டைத் திருகிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, ஒரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் பெட்ரோலில் ஊறப்போடச் சொன்னார். போட்டோம். ஒருவர் மண்ணெண்ணெய் என்றார். அதையும் பார்த்தோம். செம்மறி வால் கொழுப்பை உருக்கி விடச் சொன்னார் ஒருவர். விட்டோம், நாய் வந்து நக்கிவிட்டுப் போனது. தண்டு அசையவில்லை.

பிறகு பாவூ வந்தார். பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருப்பவர், மல்யுத்தக்காரர், கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு.

"என்னண்ணே, கடிகாரத்தயா பிரிச்சு வச்சிருக்கீங்க?"

"கார்புரேட்டர்" என்றார் சித்தப்பா.

"இந்த வண்டிக்கு உள்ள இவ்வளவு சாமான் இருக்கா? நீங்க வெறும் சாணியும் சாபமும் போட்டு ஓட்டுறீங்கன்னுல்ல நெனச்சேன்."

"சாபம் இவன் பங்கு" என்று சித்தப்பா என்னைக் காட்டினார்.

பாவூ குறட்டை எடுத்துத் தண்டின் முனையைப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கென்னவோ தண்டைவிட பாவூதான் முதலில் உடைவார் என்று தோன்றியது. 'க்ரிக்' என்று ஒரு சத்தம். சித்தப்பா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும் பாவூ."

"அசையுதுண்ணே!"

"அசையல. முறுக்கிக்குது. ஒடிஞ்சா இதுக்கு மாத்து எங்க போய்த் தேடுவேன்?"

பாவூ குறட்டை கீழே வைத்தார். "அப்ப சூடு பண்ணிப் பாருங்க. சூடு பட்டா எதுவும் எளகும்."

அதுதான் கடைசி வைத்தியம். கூடாரத்து அடுப்பில் அழுக்கு இரும்பைக் காட்டக் கூடாது, தீக்கு மரியாதை இருக்கிறது. ஆகவே பாவூ போன பிறகு பின்பக்கம் போய்ச் சாணி வறட்டியை அடுக்கித் தனியாக நெருப்பு மூட்டினோம். பெட்ரோல் வாடை போகத் துடைத்து, இடுக்கியால் பிடித்து, சித்தப்பா அதைத் தணலுக்கு மேலே காட்டினார். நான் எதிரே உட்கார்ந்து புகை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே இருந்தேன். என் அதிர்ஷ்டம் அப்படி.

புகையில் ஒரு வாடை வந்தது. எனக்கு நன்றாகப் பழகிய வாடை. நான் எதையாவது செய்துவிட்டு மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அம்மா கொடுக்கிற தண்டனை, பால் காய்ச்சுகிற பெரிய சட்டியைத் தேய்ப்பது. ஆகவே அந்தச் சட்டியின் அடி எனக்கு உறவுமுறை.

"சித்தப்பா, இந்த கார்புரேட்டர் அம்மா பால் சட்டி மாதிரியே நாறுது. தீஞ்ச பாலு."

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இடுக்கியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மூச்சை இழுத்தார். தண்டு உள்ளே நுழைகிற ஓரத்தில் பழுப்பாக, பிசின்போல் ஒன்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஆறவைத்து, நகத்தால் அதில் ஒரு துளியைச் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி ஜீப்பின் பானெட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பானெட்டில் ஒரு ஜன்னல் இருந்தது. வெயில் காலத்தில் மலை ஏறும்போது கார்புரேட்டரிலேயே பெட்ரோல் கொதித்து வண்டி நின்றுவிடும். அதனால் அதற்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் வெட்டி, சூட்டை வெளியே விட்டிருந்தார். எங்கள் பக்கம் வேறு சிலரும் இப்படி வெட்டியிருக்கிறார்கள். அவர்கள் வண்டிக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர்கள் கூடாரத்தில் என் அம்மா இல்லை.

வழி கிளம்புகிறவர்களுக்குப் பின்னால் பால் தெளிப்பது எல்லா வீட்டிலும் உண்டு. ஒன்பது குழி வெட்டிய மரக்கரண்டியில் தொட்டு, நாலு துளி விசிறினால் போதும். அம்மாவுக்குப் போதாது. அவள் பெரிய அகப்பையில் மொண்டு, முதலில் பானெட்டில் ஊற்றுவாள், பிறகு நாலு சக்கரத்துக்கும் ஊற்றுவாள். சித்தப்பா கிணறு வரைக்கும் போனாலும் ஊற்றுவாள்.

என் அப்பா ஒரு வசந்தகாலக் காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். மாடுகள் இன்னும் கன்று போடாத நேரம், வீட்டில் சொட்டுப் பால் இல்லை. அம்மா வெறுங்கையோடு வாசலில் நின்று வழியனுப்பினாள். உறைந்த ஏரிமேல்தான் வழி. அதன் பனி அந்த வருஷம் சீக்கிரமே இளகியிருந்தது. அப்பாவுக்கு அது தெரியவில்லை. பாலுக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அம்மாவிடம் யாரும் கேட்டதில்லை.

அந்த அகப்பைப் பால் எல்லாம் ஜன்னல் வழியாக இறங்கி, ஏர் பில்டரில் வழிந்து, தண்டின் ஓரத்தில் சொட்டி, எஞ்சின் சூட்டில் காய்ந்து, அதன் மேல் மறுபடி சொட்டி, மறுபடி காய்ந்து, கல்லாகியிருந்தது. பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் காய்ந்த பால் கரையாது. சூடு காட்டினால் இன்னும்தான் இறுகும். பாவூ முதல் ஒட்டகக்காரர் வரை எல்லோரும் வேறு ஏதோ நோய்க்கு மருந்து சொல்லியிருக்கிறார்கள்.

சொல்கிறேன், என் கையில் இந்த மாதிரி ஒரு சங்கதி அதுவரை சிக்கியதே இல்லை. வண்டி நல்லபடியாகப் போய் வரட்டும் என்று ஊற்றிய பாலே வண்டியை நிறுத்திவிட்டது! குளிர்காலம் முழுக்க வைத்துச் சொல்லலாம். அம்மா வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு வரி எடுத்துவிடலாம். கூடாரத்துப் பக்கம் ஓட நான் எழுந்தேவிட்டேன்.

"எனெபிஷ்."

"ம்?"

"உங்கம்மாவுக்கு இது தெரிய வேண்டாம்."

"சும்மா ஒரு சிரிப்புக்கு, சித்தப்பா."

"அவ சிரிக்க மாட்டா." இடுக்கியைக் கீழே வைத்தார். "ஊத்துறத நிறுத்திடுவா. நிறுத்திட்டு, நான் கிளம்புற ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோட நிப்பா."

நான் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நெருப்பில் வறட்டி போட வேண்டிய வேலை இருந்தது. தேவை இல்லாவிட்டாலும் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்: "அந்தச் சட்டிய நீ எதப் போட்டுத் தேய்ப்ப?"

"உவர்மண். கொதிக்கிற தண்ணில கரச்சு ஊத்திட்டு, கொஞ்சம் விட்டா அதுவே தோல் மாதிரி உரிஞ்சு வந்துரும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

உவர்மண் பை அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கியது. ஏரிக்கரையில் அள்ளி வந்த வெள்ளை மண், தேநீருக்கும் அதில்தான் ஒரு சிட்டிகை. நான் ஒரு கிண்ணம் நிறைய அள்ளும்போது அம்மா திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"டேய், எதுக்கு இவ்வளவு?"

பொய் சொல்வதில் எனக்குப் பழக்கம் உண்டு, ஆனால் திட்டம் போட்டுச் சொல்கிற பழக்கம் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "சித்தப்பாவுக்கு வயித்துல எரிச்சலாம். கரச்சுக் குடிக்கணுமாம்."

"கிண்ணம் நெறயவா? குதிரைக்கா கொடுக்கப் போற?"

"எரிச்சல் ஜாஸ்தியாம்மா."

நாய்க்குச் சோறு வைக்கும் பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மண்ணைக் கரைத்து, அடிப்பாகத்தை உள்ளே இறக்கினோம். ரொம்ப நேரம் போட்டால் உலோகம் கறுத்துப் பொரிந்துவிடும் என்று அவர் அடிக்கடி வெளியே எடுத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி இறக்கினார். தண்ணீர் முதலில் கலங்கியது, பிறகு மஞ்சளானது, பிறகு அதில் சளி சளியாக என்னவோ மிதந்தது. நாய் தன் சட்டியைப் பறிகொடுத்த துக்கத்தில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

நடுவில் அம்மா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். ஆவியில் வெந்த இறைச்சிக் கொழுக்கட்டை, மாதத்தில் ஒரு நாள் செய்கிற அருமை. எனக்கு ஒரு தட்டு நிறைய வைத்தாள். சித்தப்பா முன்னால் ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சியை வைத்தாள்.

அவர் கஞ்சியைப் பார்த்தார். என் தட்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"எத்தன நாளா இருக்கு, வயித்துல?" என்றாள் அம்மா.

"என் வயித்துல?" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்ல முடித்தார்: "கொஞ்ச நாளா."

"சொல்ல வேண்டியதுதான? ஊமையா இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணத்துக்குப் போற மனுஷன். அங்க போயி கொழுப்பத் தொட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்னா, இங்க வர வேண்டாம்."

"சரி பக்மா."

"கஞ்சி நல்லாருக்கா, சித்தப்பா?" என்று வாய் நிறையக் கொழுக்கட்டையோடு கேட்டேன்.

"அமிர்தம்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னால் கொழுக்கட்டை கிடைத்திருக்கும். அவர் கஞ்சியைக் கிண்ணம் வழித்துக் குடித்தார். நான் அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன். ருசி அபாரம். ஆனால் கடைசி இரண்டு உள்ளே இறங்கவில்லை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய், பின்பக்கம் அவர் கையில் வைத்தேன். உள்பை முழுக்கக் கொழுப்பு. அவர் இரண்டையும் ஒரே வாயில் போட்டுவிட்டு, பிரஷ்ஷை எடுத்தார்.

வெயில் சாய்கிற நேரத்தில் தண்டு திரும்பியது. சத்தம் ஒன்றும் இல்லை. தூக்கத்தில் புரண்டு படுக்கும் குழந்தைபோல மெல்ல அரைச்சுற்று திரும்பி நின்றது. அவர் இரண்டு பக்கமும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, திறந்தார், மூடினார். திறந்தார், மூடினார். பிறகு என்னிடம் நீட்டினார். நானும் திறந்து மூடினேன். பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு வட்டத் தட்டு, அவ்வளவுதான். ஆனால் இருவரும் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு அதையே செய்துகொண்டிருந்தோம்.

மறுநாள் வந்து பார்த்த பாவூ, "நேத்து நான் போட்ட முறுக்குலதான் எளகியிருக்கு" என்றார். "அதேதான்" என்றார் சித்தப்பா.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, பிஸ்கட் டப்பா மூடி ஒன்றை எடுத்து, பானெட்டின் ஜன்னல்மேல் கவிழ்த்து, சுற்றிலும் திருகாணி முறுக்கினார். அம்மா வாளியோடு அந்தப் பக்கம் வந்தவள் நின்றாள்.

"எதுக்கு அத மூடுறீங்க? அது இல்லன்னா வண்டி கொதிக்கும்னு சொன்னீங்களே?"

"குளிர்காலம் வருதுல்ல."

"தன் வயித்த கவனிக்கத் துப்பில்ல, எஞ்சினுக்குக் குளிரும்னு கவல" என்றுவிட்டுப் போனாள்.

கிளம்புகிற காலையில் பெட்டி இரண்டையும் கம்பளியில் சுற்றிப் பின்னால் ஏற்றினோம். அவற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார நான். மந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா நின்றுவிட்டாள். அகப்பையோடு வந்தாள். பானெட்டில் ஊற்றினாள். பால் தகர மூடியில் பட்டு, இரண்டு பக்கமும் பிரிந்து, மட்கார்டு வழியாக இறங்கித் தரையில் சேர்ந்தது. உள்ளே ஒரு சொட்டும் போகவில்லை. சித்தப்பா சாவியில் கை வைத்தபடி, அவள் நாலு சக்கரத்தையும் சுற்றி வந்து முடிக்கும்வரை காத்திருந்தார். அவசரப்படவில்லை. அவள் முகம் தெளிந்த பிறகுதான் சாவியைத் திருப்பினார்.

வண்டியின் பின்பக்கம் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அவருடைய கழுத்தின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். எங்களுக்குள் நன்றி என்றெல்லாம் சொல்லிக்கொள்கிற பழக்கம் கிடையாது. சொன்னால் ஏதாவது உடைத்துவிட்டாயா என்று கேட்பார்கள். என் அம்மாவை நான் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கேலி செய்ய எங்கே தட்ட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கே தட்டக் கூடாது என்பது இந்த மனுஷனுக்குத்தான் தெரிந்திருந்தது. கிணற்றுப் பம்பு அந்த வருஷம் கெட்டுப்போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தப் பம்புக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

கணவாய் உச்சியில், வழிப்போக்கர்கள் கும்பிட்டுப் போகும் கல்குவியலைச் சுற்றி வந்தோம். பிறகு இறக்கம். முதல் வளைவில் சித்தப்பா காலை எடுத்தார். எஞ்சின் உடனே தணிந்தது. அடுத்த வளைவிலும் தணிந்தது. தேவையில்லாத இடத்திலும் ஒரு முறை மிதித்து, எடுத்துப் பார்த்தார்.

"சித்தப்பா, பெட்டி என் மேல விழுது. வெளயாடாம ஓட்டுங்க."

"சோதனை" என்றார். மறுபடி ஒரு முறை சோதித்தார்.

வழியில் ஒரு தெரிந்த கூடாரத்தில் தூங்கி எழுந்து, காலை வெயில் ஏறும்போது போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை வீட்டார் புதுக் கூடாரத்தைக் கட்டி முடித்து, கடைசிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு வெளியே, ஓரமாக, மாப்பிள்ளையின் அம்மாவுடைய பழைய பெட்டிகள் இரண்டு துடைத்துத் தயாராக நின்றன. அவற்றின்மேல் அந்த அம்மாவே உட்கார்ந்திருந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் எழுந்தாள். அவள் முகம் கொஞ்சம் தொங்கிய மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. நான் இல்லாததைப் பார்க்கிறவன் என்றும் சொல்வார்கள்.

பெட்டிகளை நானும் மாப்பிள்ளையின் தம்பிகளும் உள்ளே தூக்கிக்கொண்டு போய், வெறுமையாக விட்டிருந்த அந்த இடத்தில் வைத்தோம். சித்தப்பா வாசலுக்கு உள்ளே ஒரு அடி வந்து நின்றுவிட்டார், தொப்பியைக் கையில் வைத்து முறுக்கியபடி.

சோலோங்கோ உயரமாக இருந்தாள். பட்டு அங்கியில் நடக்கத் தெரியாமல் நடந்து வந்தாள். குனிந்து மூடியின் கோலத்தில் விரலை வைத்து, முடிச்சு போகிற வழியெல்லாம் போனாள். அது தடுமாறுகிற இடத்தில் விரல் நின்றது.

"இங்க என்ன ஆச்சு?"

"கை நடுங்கிருச்சு" என்றார் சித்தப்பா.

"ம்." விரல் மறுபடி புறப்பட்டு, மீதிக் கோலத்தை முடித்தது. நிமிராமலே கேட்டாள்: "வழியில நிக்கலயா, வண்டி?"

"நிக்கல."

"நிக்கும்னு நெனச்சேன். அத்தை கேட்டப்ப, இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம், இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்னு சொல்லிட்டே இருந்தேன்."

சித்தப்பா கையில் தொப்பி இன்னும் கொஞ்சம் முறுகியது. அவள் தன் துணி மூட்டையை இழுத்து, பெட்டியைத் திறந்து, எல்லோர் முன்னாலும் ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைத்தாள். குளிர்கால அங்கி, இரண்டு சட்டை, ஒரு கம்பளிக் காலுறை. மூடியைச் சாத்தினாள். வெளியே மாமியார் பெட்டிகளை யாரோ திரும்பத் தூக்கிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"அங்க ஏன் நிக்குறீங்க? மேல வந்து உக்காருங்கப்பா" என்றாள். அவர் வந்து உட்கார்ந்தார், பெட்டிக்குப் பக்கத்தில், முதுகு அதில் படுகிற மாதிரி.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "நீதான் பக்மா அம்மா பையனா?"

"ஆமா."

"மரம் மாதிரி நிக்காத தம்பி. வாளி வாசல்ல இருக்கு. ஓடையில போயி தண்ணி கொண்டா. என் அடுப்புல வைக்கிற முதல் தேநீருக்கு நம்ம வீட்டு ஆளுதான் தண்ணி கொண்டுவரணும்."

மாப்பிள்ளையின் தம்பி ஒருவன் வாளியை எடுக்கக் கையை நீட்டினான். அவன் கையில் ஒன்று போட்டுவிட்டு நானே எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடை தூரம்தான், வாளியும் கனம்தான். திரும்பி வருவதற்குள் பூட்ஸ் இரண்டும் நனைந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றாள் என் அக்கா, வாளிக்குள் எட்டிப் பார்த்து.